இருமலுக்கு முன்னம்

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். படுத்திருக்கும்போது அந்தப் பெண்ணுக்குச் சிறுநீர் ஒரு சொட்டும் ஒழுகியதில்லை. இருமினால் ஒழுகும், தும்மினால் ஒழுகும், தண்ணீர்க் குடத்தை இடுப்புக்கு ஏற்றினால் ஒழுகும். பாயில் சரிந்ததும் நின்றுவிடும், விடியும்வரை காய்ந்த சீலையோடு கிடப்பாள். அப்படியிருந்தும் இரவில் அவளை வீட்டுக்குள் படுக்க விடவில்லை. வண்டில் கொட்டிலில், வைக்கோலுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். பகலில் தள்ளிவைத்திருந்தாலாவது சொல்ல ஒரு சாட்டு இருந்திருக்கும். எந்த நேரத்தில் அவளுக்கு ஒன்றுமே இல்லையோ அந்த நேரத்தில்தான் அவளை வெளியே போட்டார்கள். இதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் அப்போது பிரசவம் பார்க்கும் அரசாங்க மருத்துவமாது. வயது இருபத்துநான்கு, கலியாணம் ஆகவில்லை. அறுபதுகளின் நடுப்பகுதி. பரந்தன் சந்தியிலிருந்து வாய்க்கால் கரையோரமாக மூன்று மைல் உள்ளே போனால் நான் வேலை செய்த கொலனி வரும். யாழ்ப்பாணத்தில் காணி போதாமல் வந்து, காட்டை வெட்டி, குளத்துத் தண்ணீரை நம்பி நெல் விதைத்த குடும்பங்கள். என்னை 'மிஸ்ஸி' என்று கூப்பிட்டார்கள். பெண்பிள்ளை சைக்கிள் ஓடுவதைப் பற்றி வாய்க்கு வந்ததெல்லாம் கதைத்துவிட்டு, வயிற்றுக்குத்து தொடங்கியதும் அந்தச் சைக்கிள் எந்த ஒழுங்கையில் நிற்கிறது என்று ஆள்விட்டுத் தேடுவார்கள்.

அவளுக்கு முப்பத்திரண்டு வயதிருக்கும். என்னைவிட மூத்தவள் என்பதால் அக்கா என்றே கூப்பிட்டேன். ஐந்தாவது பிள்ளை என் கையில்தான் பிறந்தது. நல்ல பெரிய பிள்ளை. தலை இறங்காமல் ஒரு பகலும் ஓர் இரவும் எங்களைப் படாத பாடு படுத்தியது. முக்குங்கோ, முக்குங்கோ என்று நான்தான் அவளைப் பாடாய்ப்படுத்தினேன். பிறகு பத்து நாள் போய்ப் பார்த்தேன். பிள்ளையின் தொப்புளைப் பார்த்தேன், தாய்க்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தேன், பால் போதுமா என்று கேட்டேன். சலம் எப்படிப் போகிறது என்று கேட்கவில்லை. கேட்கத் தோன்றவில்லை. மற்றவர்கள்மேல் கோபப்பட முன்னம் என்னையும் அந்த வரிசையில் நிறுத்திவிடுவதுதான் நியாயம்.

பிள்ளைக்கு ஐந்து மாதமானபோது நிறுக்கக் கொண்டுவந்திருந்தாள். எல்லாத் தாய்மாரும் போய்விட்டார்கள், இவள் மட்டும் இருந்த வாங்கிலிருந்து எழும்பவில்லை. இன்னும் என்ன என்று சலிப்போடுதான் கேட்டேன். எழும்பினாள். வாங்கு நனைந்திருந்தது. சீலைத் தலைப்பால் அவசரமாகத் துடைத்தாள், துடைத்தபடியே அழத்தொடங்கினாள். பிள்ளை பெற்ற நாளிலிருந்து இப்படித்தானாம். நின்றுவிடும், நின்றுவிடும் என்று பார்த்திருந்தாளாம். வெயிலில் வயல்வேலை செய்கிறவள் விடிந்ததிலிருந்து பொழுதுபடும்வரை தண்ணீர் குடிப்பதை விட்டிருந்தாள். உதடு வெடித்துக் கிடந்தது. குடித்தால்தானே வரும் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

அவள் சொல்லச் சொல்லத்தான் வீட்டு நிலைவரம் விளங்கியது. முப்பத்தோராம் நாள் ஐயரைக் கூப்பிட்டுத் துடக்கு, பிள்ளைபெற்ற தீட்டு, கழித்தார்கள். மாமியார் மட்டும் துடக்குக் கழியவில்லை என்று நின்றுகொண்டார். ஈரம் நிற்காதவளுக்குத் துடக்கு எப்படிக் கழியும் என்பது அவருடைய வாதம். இது எந்தச் சாத்திரத்திலும் இல்லை, ஐயரும் அப்படிச் சொல்லவில்லை, அவராகவே எடுத்த தீர்ப்பு. முதலில் சாமி அறைக்குள் போகக்கூடாது. அடுத்தது குசினி. அதற்கும் அடுத்தது வீடு. கடைசியில், யாழ்ப்பாணத்தில் இருந்த அவளுடைய தமையனுக்குக் கடிதம் போட்டுவிட்டார்கள்: அறுவடை முடிந்ததும் வந்து தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு போகவும். பால்குடிப் பிள்ளை தாயோடு போகலாம். மற்ற நாலும் இங்கேதான் இருக்கும்.

ஏன் அறுவடை முடிந்ததும்? காலபோகப் பயிர் அப்போதுதான் பச்சைபிடித்து நின்றது. களை பிடுங்க ஆள் வேண்டும், அரிவு வெட்ட ஆள் வேண்டும். சேற்றுக்குள் முழங்கால்வரை நிற்கிறவளின் சீலை எதனால் நனைந்தது என்று எவரும் பார்க்கப்போவதில்லை. வயலுக்கு ஆகும், வீட்டுக்கு ஆகாது. இந்த அநியாயத்தை அவள் சாதாரணமாகச் சொன்னாள். நாலு பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகவேண்டும் என்று சொன்னபோதுதான் குரல் உடைந்தது.

அவளை அழைத்துக்கொண்டு அப்போதிக்கரியிடம் போனேன். எங்கள் பகுதிக்கு அவர்தான் பெரிய வைத்தியர். அவர் கதிரையிலிருந்து எழும்பவும் இல்லை, அவளை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. பிள்ளை பெற்றால் அப்படித்தான், வயது போகப் போக இன்னும் கூடும், துணி கட்டிக்கொள்ளச் சொல்லு என்று என்னிடம் சொன்னார். அவள் பக்கத்தில் நிற்கிறாள், பதில் எனக்கு. அந்த மனிதருக்குச் சின்னச் சளி பிடித்தாலும் மூன்று போத்தல் மருந்தை மேசையில் அடுக்கி வைத்திருப்பார்.

அன்றைக்குத் திரும்பி வரும்போதுதான் எனக்குக் கொழும்பு ஞாபகம் வந்தது. பயிற்சிக் காலத்தில் ஒரு மத்தியானம், உடற்பயிற்சி வைத்தியம் படித்த ஒரு பெண்மணி பிரசவ வார்ட்டுக்கு வந்திருந்தார். பிள்ளைபெற்ற தாய்மாரைப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, கீழே இருக்கும் தசையை எப்படி இறுக்குவது, எப்படித் தளர்த்துவது என்று காட்டினார். பிள்ளை வரும்போது அந்தத் தசை இழுபட்டுத் தளர்ந்துவிடும், கைகாலைப் போல அதையும் பழக்கிப் பழக்கி மீட்கலாம் என்றார். நாங்கள் பன்னிரண்டு குமர்ப்பிள்ளைகளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். நானும்தான். ஒரு மணித்தியாலப் பாடம். சோதனைக்கு வராது என்றும் சொன்னார்கள். அதனால் பாதியைத்தான் கொப்பியில் எழுதியிருந்தேன்.

அந்தப் பாதியை வைத்துக்கொண்டு முதலில் எனக்கு நானே செய்து பார்த்தேன். பிறகு அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். சொல்லிக்கொடுப்பது பெரும்பாடாக இருந்தது. அந்த இடத்தைப் பற்றி ஏசுவதற்கு எங்களிடம் நிறையச் சொல் இருக்கிறது, மரியாதையாகக் கதைப்பதற்கு ஒன்றும் இல்லை. சபைக்குள் இருக்கும்போது காற்றுப் பிரியாமல் அடக்குவீர்களே, அதைப்போல என்றேன். அவள் முதல்முறையாகச் சிரித்தாள். வயிற்றை எக்காதீர்கள், தொடையை நெருக்காதீர்கள், மூச்சைப் பிடிக்காதீர்கள், உள்ளே மட்டும் மேலே இழுத்து ஐந்து எண்ணும்வரை வைத்திருங்கள், பிறகு முழுதாக விடுங்கள். ஒரு தடவைக்குப் பத்து, ஒரு நாளைக்கு நாலு தடவை. கையுறை போட்டுப் பரிசோதித்தும் பார்த்தேன். பிடி இருந்தது, ஆனால் ஒன்று இரண்டு எண்ண முன்னமே நழுவிவிட்டது. மூன்று மாதம் செய்தால் பலன் தெரியும் என்று அந்தப் பெண்மணி சொன்னது கொப்பியில் இருந்தது. அறுவடைக்கும் ஏறக்குறைய மூன்று மாதம்தான் இருந்தது. தண்ணீரை முன்போலக் குடிக்கச் சொல்லியும் அனுப்பினேன்.

இங்கேதான் நான் என் கெட்டித்தனத்தைக் காட்டினேன். பயிற்சி செய்ய ஆரம்பத்தில் படுக்கவேண்டும். பட்டப்பகலில் ஒரு மருமகள் கால்மணி நேரம் படுத்திருந்தால் அந்த வீடு சும்மா விடுமா? ஆகவே மாமியாரிடம் நானே போய், இது அம்மனுக்கு வைத்த நேர்த்தி, அவா கொஞ்ச நேரம் தனியாகக் கிடந்து மனதுக்குள் எண்ணவேண்டும், குழப்பக்கூடாது என்று வாய்கூசாமல் சொன்னேன். மாமியார் உடனே சம்மதித்தார். அம்மன் என்றதும் கன்னத்திலும் போட்டுக்கொண்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சைக்கிளில் வரும்போது பாட்டும் பாடினேன்.

அதற்குப் பிறகு பூநகரிப் பக்கத்து மருத்துவமாது காய்ச்சலில் விழுந்து, அவளுடைய வேலையையும் என் தலையில் கட்டினார்கள். ஒரு பிரசவத்துக்குப் போனால் திரும்ப இரண்டு நாள், பஸ்ஸை நம்பி இருக்கவும் முடியாது. ஐந்து கிழமை கழித்துத்தான் அவளைப் பார்க்க முடிந்தது. எவ்வளவு தூரம் குறைந்திருக்கிறது என்று ஆவலோடு கேட்டேன். ஒன்றும் குறையவில்லை என்றாள். ஒழுங்காகச் செய்தீர்களா என்று கேட்டேன்.

"ஓம் மிஸ்ஸி, துடக்கு வந்த கிழமையைத் தவிர ஒரு வெள்ளியும் விடேல்லை. தோய்ஞ்சு போட்டு, ஒருநேரச் சாப்பாட்டோட செய்யிறனான்."

எனக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. நேர்த்தி என்றால் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை என்றால் விரதம், தலையில் தோய்ந்து முழுகுதல். மாதத்துடக்கு வந்த கிழமை நேர்த்தி தொடக்கூடாது என்று அதையும் தள்ளிவைத்தாயிற்று. ஒரு நாளைக்கு நாலு தடவை என்று நான் சொன்னதை, அம்மனுக்கு எப்படி நேர்த்தி வைப்பது என்று தெரியாத சின்னப்பிள்ளையின் கதை என்று மாமியார் திருத்தியிருந்தார், அவளும் அதை நம்பிவிட்டாள். ஐந்து கிழமையில் நாலே நாலு நாள்தான் பயிற்சி நடந்திருந்தது.

அம்மனுக்காக என்றால் அவள் படுத்திருக்கலாம், தன் உடம்புக்காக என்றால் படுக்கக்கூடாது. அந்த வீட்டின் புத்தி எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. தெரிந்துகொண்டே அதற்கு ஏற்றபடி பொய் சொல்லி, அந்தப் பொய்யிலேயே போய் விழுந்தேன். கொலனிக் கிணற்றடியில் நின்று என்னை நானே பலமாகத் திட்டியதை அவள் பார்த்துப் பயந்துபோனாள்.

நேர்த்தி நிறைவேறிவிட்டது, இனிப் படுக்கத் தேவையில்லை என்று மாமியாரிடம் இன்னொரு பொய் சொல்லி முடித்தேன். அவளிடம், நின்றபடியும் இருந்தபடியும் செய்யுங்கள் என்றேன். உள்ளே இறுக்குவதை எவரும் பார்க்க முடியாது, மாமியாருக்கு முன்னால் இருந்து அரிசி புடைத்துக்கொண்டே செய்யலாம் என்று விளங்கப்படுத்தினேன். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மறக்காமல் இருக்க ஓர் அடையாளம் வைத்தோம். வீட்டில் எந்தப் பிள்ளையாவது 'அம்மா' என்று கூப்பிட்டால் ஒன்று. நாலு பிள்ளைகளும் கூப்பிட்ட கூப்பாட்டில் அவளுக்குக் கணக்குக் கூடியதே தவிரக் குறையவில்லை. இடையில் ஓய்வு வேண்டும், தசையும் களைக்கும் என்று நானே நிறுத்தவேண்டியதாயிற்று. அதோடு இன்னொன்றும் பழக்கினேன்: இருமல் வருகிறது என்று தெரிந்த உடனே, இருமலுக்கு முன்னம் இறுக்கு. குடத்தைத் தூக்க முன்னம் இறுக்கு. தும்மலுக்கு முன்னம் இறுக்கு.

தை பிறந்தபோது குறைந்திருந்தது. அரிவு வெட்டு தொடங்கியபோது நாளுக்கு ஒருதரம் இரண்டுதரம் என்று வந்து நின்றது. கதிர்க் கட்டைத் தலைக்கு ஏற்றும்போது மட்டும் ஏமாற்றிவிடும். அதுவும் பிறகு போயிற்று. வெட்டி முடிந்து, சூடு அடித்து, நெல் வீட்டுக்கு வந்தபோது மூன்று கிழமையாக ஒரு சொட்டும் இல்லை என்று என் காதில் வந்து சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் வேலிக் கரையில் நின்று கையைப் பிடித்துக்கொண்டோம். ஆனால் அந்த நற்செய்தியை அவள் வீட்டில் சொன்னபோது எவரும் நம்பவில்லை. தமையன் வரும் நாளும் குறித்தாயிற்று.

அன்றைக்கு நான் அழையாமலே போனேன். உத்தியோகச் சீலையை உடுத்திக்கொண்டு போனேன். முற்றத்தில் மூன்று கதிரை. ஒன்றில் புருஷன், ஒன்றில் மாமியார், ஒன்றில் காலை பஸ்ஸில் வந்து இறங்கியிருந்த தமையன். அவள் கைப்பிள்ளையோடு கப்புத் தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். எனக்குக் கதிரை போடவில்லை, நானும் நின்றேன்.

தமையனைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துவிட்டது, அதை மறைக்கமாட்டேன். நாற்பது வயது மதிக்கத்தக்க, அமைதியான மனிதர். புருஷன் தலையைக் குனிந்துகொண்டு அம்மா சொல்கிறா, அம்மா சொல்கிறா என்று முனகியபோது, அவர் ஒரு பெரிய சண்டையே பிடித்தார். ஐந்து பிள்ளை பெற்றுத் தந்தவளை வண்டில் கொட்டிலில் போட உங்களுக்கு எப்படி மனம் வந்தது என்று கேட்டார். அவளுக்கு உடம்பில் வந்தது வருத்தமா குற்றமா என்று கேட்டார். நான் கேட்க நினைத்ததெல்லாம் ஓர் ஆண்பிள்ளையின் வாயிலிருந்து வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மாமியார் ஒரே பிடியாக நின்றார். இப்போது நின்றுவிட்டது என்று சொல்கிறாளே, எதை வைத்து நம்புவது என்றார். நான் வாயைத் திறக்க முன்னம், அவள் பிள்ளையை என் கையில் தந்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். பெரிய குடத்தை நிரப்பி, இடுப்பில் ஏற்றிக்கொண்டு முற்றத்தின் நடுவில் வந்து நின்றாள். எங்கள் எல்லாருடைய முகத்தையும் பார்த்தபடி மூன்று தரம் பலமாக இருமினாள். குடத்தை இறக்கினாள். மாமியாரின் கைக்கெட்டும் தூரத்தில் போய் நின்றாள். தொட்டுப் பாருங்கோ மாமி என்றாள். மாமியார் தொட்டுப் பார்த்தார்.

முப்பத்திரண்டு வயதுப் பெண், ஐந்து பிள்ளைகளின் தாய், தன் பிள்ளைகளோடு இருப்பதற்காக நாலு பேருக்கு முன்னால் சீலையைத் தடவிப் பார்க்கக் கொடுத்தாள். பரிசோதனையில் தேறிவிட்டாளே என்று மகிழ்வதா, அந்த முற்றத்தில் இருந்த கதிரைகளைத் தூக்கி அடிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் புருஷன் முதல்முறையாக அம்மாவின் பெயரை இழுக்காமல் ஒரு கதை சொன்னார்.

"அப்ப இவளுக்கு அடக்கத் தெரிஞ்சிருக்கு. இவ்வளவு நாளும் வேணுமெண்டே விட்டிருக்கிறாள்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"ஓம், வேணுமெண்டுதான். உங்கட அஞ்சு பிள்ளையளையும் வேணுமெண்டுதான் பெத்தனான். இனி நான் எங்கயும் போகமாட்டன். போறதெண்டா நீங்கள் போங்கோ."

சொல்லிவிட்டு நேராகக் குசினிக்குள் போனாள். எவரும் தடுக்கவில்லை. சற்று நேரத்தில் அடுப்புப் புகை வந்தது. எல்லாருக்கும் தேத்தண்ணி வந்தது, மாமியாரும் வாங்கிக் குடித்தார். மன்னிப்பு என்று ஒரு சொல்லை ஒருவரும் சொல்லவில்லை, அன்றைக்கு மட்டுமல்ல, அதற்குப் பிறகு நான் அங்கே இருந்த ஆறு வருடத்திலும்.

பின்னேரம் தமையன் பரந்தனுக்குப் பஸ் எடுக்கக் கிளம்பினார். நானும் அந்தப் பக்கம்தான். ஏறி ஓடினால் மரியாதையில்லை என்று சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தேன். வாய்க்கால் கரையில் பாதித் தூரம் வந்திருப்போம். தங்கச்சிக்காக நீங்கள் கதைத்ததை நான் மறக்கமாட்டேன் என்று நானாகத்தான் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்ச தூரம் போனபிறகு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"மிஸ்ஸி, இந்தப் பயிற்சி கனகாலம் போனவைக்கும் சரிவருமோ?"

யாருக்கு என்றேன்.

"என்ர மனிசிக்கு. அவாவுக்கும் இப்பிடித்தான். தாய்வீட்டை அனுப்பிப்போட்டன், மூண்டு வருசமாகுது."

பிள்ளைகள் எங்கே என்று கேட்டேன். இரண்டு பேர், தன்னோடுதான் இருக்கிறார்கள் என்றார்.

நான் சைக்கிளோடு அப்படியே நின்றுவிட்டேன். காலையிலிருந்து அந்த முற்றத்தில் கேட்ட ஒவ்வொரு சொல்லும், வருத்தமா குற்றமா, எப்படி மனம் வந்தது, எல்லாம் அந்த வாயிலிருந்து வந்தவைதான். புருஷனை விட, மாமியாரை விட, அப்போதிக்கரியை விட எனக்கு அந்த நேரம் இவர்மேல்தான் கொதித்தது. மற்றவர்களுக்கு விளங்கவில்லை என்றாவது சொல்லலாம். இந்த மனிதருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. விளங்கியதைத் தங்கச்சிக்கு மட்டும் வைத்திருந்தார்.

அவர் பதிலுக்குக் காத்து நின்றார். எழுதித் தரமுடியுமா, கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்றும் சொன்னார். என் பெட்டிக்குள் கடதாசியும் பென்சிலும் இருந்தன. நான் எடுக்கவில்லை.

"முதல் போய் அவாவை வீட்டை கூட்டிக்கொண்டு வாங்கோ. அவா நனைஞ்சபடியே வந்து பிள்ளையளோட இருக்கட்டும். பிறகு நான் வந்து சொல்லித் தாறன்."

அவர் முன்னால் நடக்கத் தொடங்கினார். சந்தியில் பஸ் நின்றது, ஏறினார். எனக்கு எந்தக் கடிதமும் வரவில்லை, எவரும் என்னைக் கூப்பிடவும் இல்லை. எழுதிக் கொடுத்திருந்தால் அவருடைய மனிசியின் கைக்குப் போயிருக்குமோ என்று எத்தனையோ தரம் யோசித்திருக்கிறேன். போயிருக்கலாம். கோபத்தில் நான் பென்சிலை எடுக்கவில்லை, அந்தக் கோபம் நியாயமானதுதான், ஆனால் அதற்கும் அவள்தான் நனைந்தாள்.